மலையில் மாலை நாற்பது நிமிடம்: நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆயிலில் ஸ்பாட் பெயின்டிங்

ஸ்பாட் பெயின்டிங், அதாவது காட்சியின் எதிரே உட்கார்ந்து அங்கேயே வரைவது, பற்றி இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுத்தவை. கோடைக்காலத்தில் மாலை ஏழு மணிக்கு ஈஸலை (பலகையைத் தாங்கும் கால் சட்டம்) நிறுத்தி, ஒன்பதரை வரை நிதானமாக வரைந்து முடிக்கிறார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. அதே நினைப்போடு ஊட்டிப் பக்கம் கேத்திப் பள்ளத்தாக்கையோ கொடைக்கானல் பக்கம் பூம்பாறையையோ பார்த்து உட்கார்ந்தால், வானம் சிவக்கும்போது நீங்கள் இன்னும் வெள்ளைக் கலரைப் பிதுக்கிக்கொண்டிருப்பீர்கள். கலந்து முடிப்பதற்குள் இருட்டிவிடும்.

எல்லாம் சூரியன் இறங்கும் சாய்வைப் பொறுத்தது. ஆஸ்லோ, ஹெல்சிங்கி எல்லாம் ஏறக்குறைய 60 டிகிரி வடக்கில் இருக்கின்றன. ஜூன் மாதம் அங்கே சூரியன் நேராக இறங்குவதில்லை, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே சாய்கிறது. அடிவானத்துக்கு மேல் 10 டிகிரி உயரத்திலிருந்து மறைவதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மறைந்த பிறகும் ராத்திரி முழுக்க வானம் முற்றிலும் இருட்டுவதில்லை. ஊட்டி 11.4 டிகிரியிலும் கொடைக்கானல் 10.2 டிகிரியிலும் இருப்பதால் இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக விழுகிறது. அதே 10 டிகிரியை, எந்த மாதமானாலும், 41 முதல் 45 நிமிடத்துக்குள் கடந்துவிடும். மறைந்த பிறகு பொழுது மசங்கும் நேரம் இன்னொரு இருபது இருபத்திரண்டு நிமிடம். அவ்வளவுதான் நம் மாலை.

டென்மார்க்கின் வடமுனையில் ஸ்காகன் என்ற மீனவ ஊரில் 1870களிலிருந்து ஓவியர்கள் கூடினார்கள். 1882இல் அங்கே வந்த ஓவியர் க்ரோயரின் கடற்கரைப் படங்களில் தெரியும் நீல அந்தி அந்த நீளமான மாலையின் பலன். கண் எதிரே அந்த நீலம் நெடுநேரம் மாறாமல் நிற்கும்போது அதைப் பார்த்துப் பார்த்துக் கலக்கலாம். நமக்கு அந்த நீலம் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அதனால் இங்கே ஒரே மாலையில் ஒரு படம் என்ற கணக்கு ஒத்துவராது. ஒரே இடம், ஒரே நேரம், அடுத்தடுத்து மூன்று நான்கு நாள் என்று மாலையைத் துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் படம் முடிக்க வேண்டும். அல்லது நாளுக்கு ஒரு சிறிய பலகை, அன்றைக்குக் கிடைத்தது அன்றைக்கு. இரண்டில் எது என்று மலை ஏறும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பலகை அளவு, கலர், சாமான் எல்லாம் அதைப் பொறுத்து மாறும்.

மூன்று நாள் ஒரே மாதிரி வானம் வேண்டுமானால் தையும் மாசியும்தான் மாதம். ஜனவரியிலிருந்து மார்ச் நடுவரை மழை குறைவு, காற்று அடங்கியிருக்கும், தூரத்து மலை தெளிவாகத் தெரியும். ஊட்டிப் பக்கம் புல்வெளி உறைபனியில் கருகி வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும். சோலைக் காட்டில் தளிர் விடும் மரங்கள் செம்பு நிறத்தில் மின்னுவதும் இந்த நாட்களில்தான். ஏப்ரல், மே சீசனில் ஆள் கூட்டமும் மதியத்துக்கு மேல் இடிமழையும் இருக்கும். இடி முழங்க ஆரம்பித்தால் வெட்டவெளி முகட்டில் உலோக ட்ரைபாட் பக்கத்தில் நிற்காதீர்கள். படம் போனாலும் பரவாயில்லை. ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று: அவலாஞ்சி, நடுவட்டம், கூடலூர்ப் பக்கம் ஈஸலே நிற்காது. அந்த மாதங்களில் தொட்டபெட்டாவின் மழை மறைவில் இருக்கும் கோத்தகிரிப் பக்கம் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் அதே கோத்தகிரியும் குன்னூரும் கொடைக்கானலும் நனையும்.

இடம் பார்ப்பதில் பலர் தடுமாறுவது திசையில். டிசம்பரில் சூரியன் நேர் மேற்கிலிருந்து 24 டிகிரி தெற்கே தள்ளி மறையும். ஜூனில் அதே அளவு வடக்கே. ஜனவரியில் மாலை வெயில் தடவிக்கொண்டு போகும் ஒரு சரிவு மே மாதத்தில் முழு நிழலில் கிடக்கலாம். யாரோ ஏப்ரலில் எடுத்த போட்டோவைப் பார்த்து ஜனவரியில் அங்கே போகாதீர்கள். மாலைக்கு வேண்டியது மேற்கைப் பார்த்த சரிவு, நீங்கள் நிற்பது அதற்கு எதிரே அல்லது பக்கவாட்டில். கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் காலைக்கான இடம். சாயங்காலம் சீக்கிரமே நிழலில் போய்விடும். ஊருக்குக் கிழக்கே இருக்கும் பெருமாள் மலைக்கோ கடைசி வெயில் முகத்தில் அடிக்கும். கொடநாடு காட்சி முனையும் காலை ஆட்டம்தான். படிப்படியான வயல்களை, பூம்பாறையிலோ கேத்தியிலோ, வரைவதானால் வெயில் பக்கவாட்டில் விழ வேண்டும்: ஒவ்வொரு வரப்பின் விளிம்பும் ஒரு கோடு வெளிச்சமும் அதன் கீழே ஒரு கோடு நிழலுமாகத் தனியே பிரிந்து நிற்கும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால் அத்தனை படியும் ஒரே பச்சையில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, மலைக்குள் அடிவானம் கிடையாது. மேற்கே நிற்கும் முகடு 8 டிகிரி உயரம் என்றால் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு அரை மணிக்கு முன்பே உங்கள் சூரியன் போய்விட்டது. கையை நீட்டி, சூரியனுக்கும் முகட்டுக்கும் இடையில் விரல்களைப் படுக்கை வசமாக வைத்து அளக்கலாம். ஒரு விரலுக்கு கால் மணி, நான்கு விரலுக்கு ஒரு மணி என்று எங்கும் சொல்லப்படும் கணக்கு 50 டிகிரி வடக்கில் கோடைக்குத்தான் பொருந்தும். இங்கே நான்கு விரலுக்கு அரை மணி. ஒரு விரலுக்கு எட்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓட்டி வருபவர்களுக்கு: வெளி மாவட்ட வண்டி என்றால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம், அரசு பஸ்ஸில் வந்தால் தேவையில்லை. ரிசர்வ் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஈஸல் போடக் கூடாது. எஸ்டேட் தனியார் சொத்து. கேட்டுவிட்டு உட்காருங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

சாமான் விஷயத்தில் என் அபிப்பிராயம் ஒன்றுதான்: பாதி எடையை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். மரத்தில் செய்த ஃபிரெஞ்ச் ஈஸல் கலரோடு சேர்த்து ஆறேழு கிலோ வரும். மலைச்சரிவில் அதன் மூன்று காலையும் சமம் பார்ப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும், நம்மிடம் இருப்பதே நாற்பது. கேமரா ட்ரைபாடில் மாட்டும் சின்னப் பெட்டி, பொச்சாட் பாக்ஸ் என்பார்கள், இந்த வேலைக்குப் போதும். மூடியில் பலகை நிற்கும், அடியில் கலர் கலக்கும் தட்டு, அதாவது பேலட். ட்ரைபாடின் நடுத்தண்டிலிருந்து பையைத் தொங்கவிட்டால் காற்றுக்கு அசையாது. ஆனால் பை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், ஆடும்படி விட்டால் அதுவே ஈஸலை ஆட்டும். குடை பிடிப்பதானால் வெள்ளை, கறுப்பு, சாம்பல் மூன்றில் ஒன்று. சிவப்புக் குடைக்கு அடியில் கலந்த பச்சை வீட்டுக்கு வந்ததும் வேறு பச்சையாக இருக்கும்.

பலகை 8க்கு 10 இஞ்ச், இல்லையென்றால் 6க்கு 8. 16க்கு 20 என்றால் நான்கு மடங்கு பரப்பு, நேரம் நான்கு மடங்கு ஆகாது. கேன்வாஸை விட 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) நல்லது, காற்றில் அதிராது, பின்னாலிருந்து வெயில் ஊடுருவாது. ப்ளைவுட் கடையில் வெட்டு மிச்சத் துண்டுகளை அளவு சொல்லி வெட்டி வாங்கலாம். எம்.டி.எஃப்.க்கு ஈரம் பகை. வெட்டிய ஓரம் ஈரத்தை உறிஞ்சி உப்பினால் மறுபடி அமுங்காது. அதனால் அடிப்பூச்சான அக்ரிலிக் ஜெஸ்ஸோவை முதலில் நான்கு ஓரத்திலும் இரண்டு கோட், பிறகு பின்பக்கம் ஒரு கோட், முன்பக்கம் மூன்று கோட் கொடுங்கள். பின்பக்கத்தை விட்டுவிட்டால் பலகை வளையும். கோட்டுகளுக்கு இடையில் 220ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். கடைசிக் கோட்டில் கொஞ்சம் அக்ரிலிக் கலரைக் கலந்து வெள்ளையைக் கொன்றுவிடுங்கள். தேயிலைச் சரிவு வரையப் போகிறீர்கள் என்றால் பர்ன்ட் சியன்னா: பிரஷ் படாத இடங்களில் பச்சைக்கு இடையே அந்தச் செம்மண் நிறம் எட்டிப் பார்ப்பது படத்துக்குச் சூடு கொடுக்கும். மூடுபனி வரையப் போகிறீர்கள் என்றால் நடுத்தரச் சாம்பல்.

கலர் ஏழு: டைட்டானியம் வெள்ளை, கேட்மியம் லெமன், யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, கேட்மியம் ரெட், அலிசரின் கிரிம்ஸன், அல்ட்ராமரின் நீலம். டியூபில் பேரைவிடப் பிக்மென்ட் (நிறப்பொடி) எண்ணைப் பாருங்கள். அல்ட்ராமரின் என்றால் பி.பி.29, டைட்டானியம் என்றால் பி.டபிள்யூ.6. அலிசரினில் பி.ஆர்.83 என்று இருந்தால் நாளடைவில் வெளுக்கும். 'பெர்மனென்ட்' என்று போட்டு வேறு எண் உள்ளதை எடுங்கள். 'ஹியூ' என்று பேருக்குப் பின்னால் இருந்தால் அது அசல் பிக்மென்ட் இல்லை, அதற்கு ஈடாகக் கலந்தது. விலை குறைவு, கலக்கும்போது வலுவும் மாறும். வெள்ளையில் ஜிங்க் அதிகம் உள்ளதைத் தவிர்க்கலாம். காய்ந்த படலம் மொறுமொறுவென்று ஆகி வெடிக்கும். 8க்கு 10 பலகைக்கு வெள்ளை ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலே, அல்ட்ராமரினும் ஓக்கரும் அரை டீஸ்பூன், மற்றவை கடலை அளவு. புதிதாகத் தொடங்குபவர்கள் வெள்ளையைச் சிக்கனம் பிடித்தே படத்தைக் கெடுப்பார்கள். மலையில் தூரம் முழுவதும் வெள்ளையால்தான் நடக்கிறது.

ஸ்வீடனின் ஆண்டர்ஸ் சோர்ன் என்ற ஓவியர் பெயரால் வழங்கும் நான்கு கலர் பேலட் (கலர்த் தொகுப்பு) ஒன்று உண்டு: வெள்ளை, ஓக்கர், வெர்மிலியன் சிவப்பு, ஐவரி பிளாக். நீலமே கிடையாது, கறுப்பும் வெள்ளையும் கலந்தால் வரும் குளிர்ந்த சாம்பல்தான் நீலத்தின் வேலையைச் செய்யும். மேகம் மூடிய நாளில் கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்புக்கு இது அருமையாகப் பொருந்தும். ஓக்கரும் கறுப்பும் கலந்த மங்கல் பச்சை, அந்த இலையின் நிறமேதான். சோலைக் காட்டுக்கும் சரி. தேயிலைக்கு மட்டும் எடுபடாது. அந்தப் பச்சைக்கு லெமன் இல்லாமல் முடியாது.

தேயிலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கிள்ளிக் கிள்ளி மட்டமான செடியின் மேல்பரப்பு ஒரு மேஜை. வெயில் பக்கவாட்டில் விழும்போது மேஜையின் மேலே கொழுந்து மஞ்சள் கலந்த பச்சை: லெமன் இரண்டு பங்கு, அல்ட்ராமரின் அரைப் பங்கு, பச்சையின் கூச்சலை அடக்கக் கத்தி நுனியில் சியன்னா, கொஞ்சம் வெள்ளை. நிழலுக்குப் போனதும் அதே மேஜை வானத்தைப் பிரதிபலிக்கும், நீலச் சாம்பல் கலந்த பச்சை. முற்றிய இலை தோல்போலப் பளபளப்பு என்பதால் இது நடக்கிறது. செடியின் பக்கவாட்டும் வரிசைக்கு இடையிலான சந்தும் இரண்டு நிலையிலும் இருட்டு: அல்ட்ராமரினும் சியன்னாவும் ஏறக்குறைய சம அளவு, துளி லெமன். ஆக மூன்றே கலவை. நிழல் பச்சை என்றால் வெயில் பச்சையில் கறுப்பைச் சேர்ப்பது என்று நினைத்தால் சரிவு முழுக்கச் சேறு பூசினது போல் ஆகிவிடும். கவாத்து வெட்டிய பகுதி இருந்தால் விட்டுவிடாதீர்கள். அந்தக் குச்சிப் பழுப்பு நடுவே இருப்பதால்தான் மற்றப் பச்சை பச்சையாகத் தெரிகிறது. சில்வர் ஓக்கைக் கடைசியில் வையுங்கள். அதன் இலை அடிப்பக்கம் வெளிர் சாம்பல், காற்றில் புரளும்போது மரமே நிறம் மாறும்; இலை இலையாகத் துரத்தாமல் ஒரே சாம்பல் பச்சையில் முடிப்பது மேல்.

இனி நேரம். சூரியன் முகட்டில் மறையும் நேரத்தை விரலால் அளந்து வைத்துக்கொண்டு, அதற்கு இரண்டு மணி முன்பே இடத்தில் இருங்கள். முதல் இருபது நிமிடம் பென்சிலும் தீப்பெட்டி அளவுக் கட்டங்களும் மட்டும். வெளிச்சம், நடு, இருட்டு என்று மூன்றே அழுத்தத்தில் காட்சியைப் பிரியுங்கள். மூன்றில் பிரியாத காட்சி ஏழு கலரிலும் பிரியாது. பிறகு பலகையில் மெல்லிய சியன்னாவால் பெரிய வடிவங்களின் எல்லைக் கோடு.

அடுத்த நாற்பது நிமிடம் பிரஷ் பலகையைத் தொடாது. எட்டுக் குவியல் கலக்க வேண்டும்: மேல் வானம், அடி வானம், கடைசி முகடு, நடு முகடு, வெயில்பட்ட சரிவு, நிழல் சரிவு, சோலையின் இருட்டு, பனி. கத்தியால் கலந்து, கத்தி நுனியில் எடுத்து, கையை நீட்டிக் காட்சியின் மேல் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். நிறம் பொருந்தாவிட்டாலும் அழுத்தம் பொருந்தினால் அடுத்ததற்குப் போகலாம். கடைசி முகட்டில்தான் எல்லோரும் ஏமாறுவது. கண்ணுக்கு நீலமாகத் தெரிவதால் நீலத்தை அள்ளிப் போடுவார்கள். வெள்ளை ஆறு பங்குக்கு அல்ட்ராமரின் ஒன்று, அதை மங்க வைக்கச் சியன்னா கால் பங்கு, மாலையானதால் அலிசரின் ஒரு பொட்டு. பேலட்டில் பார்த்தால் வெறும் சாம்பலாக இருக்கும். பக்கத்தில் ஓக்கர் கலந்த அடி வானம் வந்ததும் தானாக நீலமாகிவிடும்.

இவ்வளவு முன்கூட்டியே கலப்பதற்குக் காரணம் நம் கண். வெளிச்சம் குறையக் குறையக் கண்ணின் உணர்வு நீலத்தின் பக்கம் சாய்கிறது. சிவப்பு முதலில் கறுக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்துச் சொன்ன செக் விஞ்ஞானி பர்கின்யே பெயராலேயே இதை அழைக்கிறார்கள். மசங்கின வெளிச்சத்தில் சிவப்பைக் கலந்தால், கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதால் மேலும் மேலும் சிவப்பைச் சேர்ப்போம். மறுநாள் காலை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் வானம் பற்றி எரிந்துகொண்டிருக்கும். பகல் வெளிச்சத்தில் கலந்து வைத்த குவியலை நம்புங்கள், அந்தியில் கண்ணை நம்பாதீர்கள். கலந்த பிறகு எந்தக் குவியல் எது என்று இருட்டில் குழம்பாமல் இருக்க, எப்போதும் ஒரே வரிசையில் வைக்கும் பழக்கமும் வேண்டும்.

பூச ஆரம்பிப்பது சூரியன் மறைய முக்கால் மணி இருக்கும்போது. இருட்டை முதலில் மெல்லியதாக, வெளிச்சத்தைப் பிறகு தடிமனாக. நிழல்தான் இங்கே எதிரி. சமதரையில் 15 மீட்டர் உயர சில்வர் ஓக்கின் நிழல், சூரியன் 10 டிகிரியில் இருக்கும்போது 85 மீட்டர். 5 டிகிரிக்கு வரும்போது 171 மீட்டர். இரட்டிப்பாக ஆகும் நேரம் இருபது இருபத்திரண்டு நிமிடம். பள்ளத்தாக்கில் எதிர்ச்சரிவின் மேல் நிழல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கோட்டை உயர்த்தினால் ஒரே படத்தில் மூன்று வெவ்வேறு நேரத்து வெளிச்சம் இருக்கும். ஒரு கணத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த நிழல் விளிம்பைப் பலகையில் ஒரு கோடாகப் போட்டு, அதன்பின் மலையில் என்ன நடந்தாலும் அந்தக் கோட்டைத் தொடாதீர்கள். போனில் அந்தக் கணத்தை ஒரு படம் எடுத்து வைக்கலாம், நிழலின் வடிவத்துக்காக மட்டும். நிறத்துக்கு போன் உதவாது. நிழலை எல்லாம் ஒன்று கறுப்பாக்கும், இல்லையென்றால் வெளுப்பாக்கும்.

இரண்டாம் நாள் வரும்போது, அதே கோடு வரும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பிருந்து பத்து நிமிடம் பின்வரை மட்டும் பூசுங்கள். மேலே பூசுவது கீழே உள்ளதைவிட எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற பழைய விதி இங்கே நேரடியாக வேலைக்கு வருகிறது: முதல் நாள் கரைத்து மெல்லியதாக, இரண்டாம் நாள் டியூபில் வருவது போலவே, மூன்றாம் நாள் இரண்டு மூன்று துளி லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் சேர்த்து. தலைகீழாகச் செய்தால் மேல்படலம் முதலில் இறுகி, அடியில் உள்ளது நகர்ந்து, வெடிப்பு விடும்.

சூரியன் போன பிறகு வரும் அந்த இருபது நிமிடத்தில் வரைய ஆசைப்படுபவர்கள் தலையில் கட்டும் விளக்கைத் தவிர்த்து, பெட்டியின் மேல் கிளிப் செய்யும் விளக்கு வாங்குங்கள். தலை விளக்கு நீங்கள் காட்சியைப் பார்க்க நிமிரும்போது பலகையை இருட்டாக்கும். ஒளியின் நிறம் 4000 முதல் 5000 கெல்வின், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேல், பேலட்டிலும் பலகையிலும் ஒரே அளவு விழ வேண்டும், பிரகாசம் மிகக் குறைவாக. வெளிச்சம் கூடினால் கண் அதற்குப் பழகி, வெளியே மலை கறுப்புச் சுவராகிவிடும். விளக்குக்கு வரும் பூச்சி ஈரக் கலரில் ஒட்டும். அப்போதே எடுக்கப் போனால் வானத்தில் ஒரு கீறல் மிஞ்சும். காய்ந்த பிறகு நகத்தால் தட்டினால் தானாக உதிரும்.

மூடுபனி வந்துவிட்டால் பலர் பெட்டியை மூடிக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். வெயிலில் சூடான சரிவு கீழேயிருந்து காற்றை மேலே இழுக்கிறது, ஏறும் காற்று குளிர்ந்து பனியாகிறது. இரண்டு மூன்று மணிக்கு ஏறும் பனி, வெயில் தணிந்ததும் இழுவை குறைந்து, நல்ல நாட்களில் ஐந்து மணி வாக்கில் இறங்க ஆரம்பிக்கும். அப்படி இறங்கும்போது முகடுகள் ஒவ்வொன்றாக வெளியே வருவதுதான் இந்த மலைகளில் ஆயிலுக்குக் கிடைக்கும் நல்ல காட்சி. வாட்டர்கலர்காரர்களுக்கு அந்த ஈரத்தில் வாஷ் (நீர்த்த பூச்சு) காயவே காயாது. ஆயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பலகையில் நீர்த்துளி பூக்கும். அதன் மேலேயே பூசினால் கலர் ஒட்டாது, வழுக்கும். துளி காய்ந்த இடத்தில் அம்மைத் தழும்பு விழும். மெல்லிய துணியை அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். பேலட்டில் தண்ணீர் கலந்து தளதளத்துப் போன கலரை வழித்து எறிந்துவிட வேண்டியதுதான். பனியின் நிறம் வெள்ளை இல்லை. மாலையில் மேல் விளிம்பு ஓக்கரும் துளி சிவப்பும் கலந்த வெளிச்சம், அடிவயிறு அல்ட்ராமரினும் அலிசரினும் கலந்த சாம்பல். கலக்காத வெள்ளையைப் பனிக்கு வைத்தால் வானத்தை விடப் பனி பிரகாசமாகிப் படம் கிழிந்த காகிதமாகும்.

ஊட்டி மாலைக் குளிரில் டைட்டானியம் வெள்ளை இறுகி, டியூபிலிருந்து வராது. சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருந்தாலே போதும். பிரஷ் கழுவ வேறு வழியில்லாமல் அறையிலிருக்கும் தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் காயவே காயாது, நல்லெண்ணெய் ஒழுங்காகக் காயாது. மயிரிழைகளுக்குள் தங்கியது அடுத்த நாள் படத்தில் ஏறி, அந்த இடம் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். லின்சீட் ஆயிலிலேயே கழுவித் துடைக்கலாம். ஹார்ட்வேர் கடை டர்பன்டைன் பிரஷ் கழுவ ஆகும், படத்துக்குள் சேர்க்காதீர்கள். என்.சி. தின்னர் இரண்டுக்கும் ஆகாது. ரயிலில் தீப்பற்றும் திரவம் கொண்டுபோகக் கூடாது என்பதால், மலை ரயிலில் வர ஆசை இருந்தால் டர்பன்டைன் இல்லாமலே வரையப் பழகிக்கொள்ளுங்கள்: முதல் பூச்சைக் கரைப்பதற்குப் பதில், கலரைத் தேய்த்துத் துணியால் துடைத்து மெல்லியதாக்கினால் அதே பலன். கழுவிய திரவத்தை மண்ணில் ஊற்றாமல் மூடியுள்ள பாட்டிலில் திருப்பிக் கொண்டுவாருங்கள். ஓரிரவு வைத்தால் கலர் அடியில் தங்கி மேலே தெளியும், மறுபடி உபயோகிக்கலாம். கேட்மியம் கலந்த கசடு அது. கீழேயுள்ள ஊற்றுத் தண்ணீரில் போய்ச் சேரக் கூடாது.

இருட்டியதும் கிளம்பிவிடுங்கள். குன்னூர், கொடைக்கானலில் காட்டு மாடு, கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்குள் கரடி, இரண்டும் மசங்கும் நேரத்தில்தான் நடமாடும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரைவதை மலையில் விட்டுவிடலாம். குரங்குக்குக் கலர் டியூபும் மிட்டாயும் ஒன்று. தின்பண்டம் பையில் இல்லாமல் இருப்பதே பாதுகாப்பு.

ஈரப் பலகையோடு கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் பயணம் தனிக் கலை. கல்லட்டி வழியில் மட்டும் 36 வளைவு. ஒரே அளவுப் பலகை இரண்டை எதிரெதிரே வைத்து, நான்கு மூலையிலும் பாட்டில் கார்க்கை வெட்டிய சிறு துண்டுகளைக் கொடுத்து, இரண்டு அகல ரப்பர் பேண்ட் போட்டால் முகம் முகத்தில் படாது. மூலையில் கார்க் பதிந்த தடம் இருக்கும், அதை வீட்டில் ஒரு தொடலில் சரி செய்யலாம். மடியில் வையுங்கள், மேல் தட்டில் வேண்டாம்.

துடைத்த துணியைச் சுருட்டிப் பையில் திணிக்காதீர்கள். லின்சீட் ஆயில் காய்வது தண்ணீர் ஆவியாவது போல இல்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது சூடு வெளிவரும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். தங்கும் அறையின் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் தூங்குவது ஆபத்து. வெளியே கம்பியில் ஒற்றையாக விரித்துக் காயப் போடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

குளிரும் ஈரமும் இந்த ஆக்ஸிஜன் வேலையை மெதுவாக்குவதால், சமவெளியில் நாலைந்து நாளில் தொடக் காயும் மெல்லிய பூச்சு ஊட்டியில் அதற்கு இரண்டு மடங்கு எடுக்கலாம். பர்ன்ட் சியன்னா போன்ற மண் கலர்கள் முந்தும், வெள்ளையும் கேட்மியமும் அலிசரினும் பிந்தும். அவசரம் என்றால் கலரில் பத்தில் ஒரு பங்கு ஆல்கைட் மீடியம் சேர்க்கலாம். மலை வீட்டில் படத்தை அலமாரிக்குள் பூட்டி வைப்பது இரண்டு வகையில் கெடுதல்: இருட்டில் லின்சீட் மஞ்சளடிக்கும், ஈரத்தில் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். மஞ்சளை வெளிச்சம் உள்ள அறையில் சில வாரம் வைத்தால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். பூஞ்சை வந்தால் மறுபடி மறுபடி வரும். சுவரோடு ஒட்டாமல் அரை இஞ்ச் இடைவெளி விட்டு, காற்று புகும் இடத்தில் மாட்டுங்கள். வார்னிஷுக்கு ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அதையும் மழை மாதத்தில் மலையில் அடிக்காமல், வெயில் காலத்தில் கோவைக்கோ மதுரைக்கோ எடுத்துப்போய் அடியுங்கள். ஈரக் காற்றில் அடித்த வார்னிஷ் வெண்மை பூத்துப்போகும்.